ஆங்கிலத்தில் ஒலியொத்த சொற்கள்: எழுத்துக்கூட்டலுக்குள் இருக்கும் காரணம்

தமிழ்நாட்டு வீடொன்றில் 'பீஸ்' என்ற ஒரு சொல் எத்தனை பொருளில் புழங்குகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பள்ளிக்குக் கட்டுவது பீஸ். பிரியாணித் தட்டில் இரண்டு மூன்றாக வருவது பீஸ். மின்கட்டணம் கட்டத் தவறினால் மின்வாரிய ஊழியர் வந்து பிடுங்கிச் செல்வதும் பீஸ்தான். போர் ஓய்ந்தபின் பேசப்படும் அமைதியையும், குருமாவில் கிடக்கும் பட்டாணியையும், கூட்டில் மொய்க்கும் தேனீக்களையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினாலும் அதே இரண்டு எழுத்துகள்தான் மிஞ்சும். ஆக, வேறு வேறு ஆறு ஆங்கிலச் சொற்கள் நம் நாவிலும் எழுத்திலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இந்த ஆறில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காதுக்கும் ஒன்றாகவே கேட்பவை இரண்டு மட்டுமே: அமைதி, துண்டு. மற்ற நான்கும் அவருக்குத் தெளிவாக வேறுபட்ட சொற்கள். கட்டணத்தின் முதலொலியும் மின் உருகியின் முதலொலியும் உதட்டைப் பல் தொட்டு வருபவை. தேனீயின் முதலொலி அதிர்ந்து வருவது. பட்டாணியின் இறுதி ஒலி இசட். ஆகவே, ஒலி ஒத்திருப்பதால் குழப்பும் சொற்கள் என்று நாம் பொதுவாகச் சொல்பவற்றில் இரண்டு வகைகள் உண்டு. ஆங்கிலத்திற்குள்ளேயே ஒலி ஒன்றிப்போனவை ஒரு வகை. தமிழ் காதிலும் தமிழ் எழுத்திலும் மட்டும் ஒன்றிப்போனவை மற்றொரு வகை. இரண்டுக்கும் காரணமும் வேறு, தீர்வும் வேறு. பயிற்சி நூல்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. மாணவர் குழம்புவதில் பாதி அதனால்தான் என்பது என் கருத்து.

தொடர்வதற்கு முன் ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துகளை வகுப்பறையில் ஒப்பிக்கும் பெயர்களாலேயே இங்கே குறிக்கிறேன். அப்படி எழுதும்போது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் 'பி' என்றே ஆகிவிடுகின்றன. நான்காம் எழுத்துக்கும் இருபதாம் எழுத்துக்கும் 'டி' என்ற ஒரே பெயர்தான் கிடைக்கிறது. நம் சிக்கலுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. எனவே, சொற்களை முழுமையாக எழுத்துக்கூட்டாமல், பொருளால் அடையாளம் காட்டி, வேறுபடும் எழுத்துகளை மட்டும் சொல்லிச் செல்கிறேன்.

ஒலிப்பு ஒன்றாகவும் பொருள் வேறாகவும் அமைந்த சொற்களை ஒலியொத்த சொற்கள் எனலாம். எவை எவை ஒலியொத்தவை என்பது யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் தென்பகுதியில் மெய்யெழுத்துக்கு முன் வரும் ஆர் ஒலிக்கப்படுவதில்லை என்பதால், நீதிமன்றத்தைக் குறிக்கும் சொல்லும் 'பிடித்தான்' என்ற பொருள்தரும் சொல்லும் அங்கே ஒன்றுபோலவே ஒலிக்கும். 'கோர்ட்' என்று ஆரை அழுத்திச் சொல்லும் நமக்கு அந்தக் குழப்பம் எழுவதே இல்லை. 'எது' என்று கேட்கும் சொல்லும் சூனியக்காரியைக் குறிக்கும் சொல்லும் உலகின் பெரும்பகுதியில் 'விச்' என்றே ஒலிக்க, ஸ்காட்லாந்துக்காரர் பலர் முன்னதில் மூச்சைச் சேர்த்து ஊதி இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றனர். கனடாவிலோ கட்டிலும் 'பிடித்தான்' என்பதும் ஒலியில் ஒன்று.

ஆங்கிலத்திற்குள் இத்தனை சொற்கள் ஒலியில் ஒன்றிப்போனது ஏன்? சுருக்கமான விடை: ஒலி நகர்ந்தது, எழுத்து நகரவில்லை. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவினார். அதற்குப் பிந்தைய இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் அச்சகத்தாரும் அகராதிக்காரரும் சொற்களின் எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல நிலைநிறுத்தினர். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி அந்த வேலையின் முக்கியமான கட்டம். ஏறத்தாழ அதே காலத்தில், அதாவது 1400 முதல் 1700 வரையிலான காலத்தில், ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் அனைத்தும் இடம் மாறிக்கொண்டிருந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்கு மாபெரும் உயிரொலிப் பெயர்ச்சி என்று பெயரிட்டார். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே மனை நகர்ந்தது போன்ற நிலை அது. சுவரில் பதிந்தது பழைய அளவு.

தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. உண்ணும் இரைக்கும் வணங்கும் இறைக்கும், அராவும் அரத்துக்கும் செய்யும் அறத்துக்கும் இன்றைய பெரும்பாலான தமிழர் பேச்சில் ஒலி வேறுபாடு இல்லை; எழுத்தில் மட்டும் இடையின ரகரமும் வல்லின றகரமும் தனித்தனியாக நிற்கின்றன. தொல்காப்பியத்தின் பிறப்பியலோ, நுனிநா மேல்நோக்கிச் சென்று அண்ணத்தை ஒற்றும்போது றகரமும், அண்ணத்தை வருடும்போது ரகரமும் பிறக்கும் என்று இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. ஒற்றலும் வருடலும் பேச்சில் கலந்த பிறகும் எழுத்து பழைய பிரிவைக் காத்து நிற்கிறது. ஆங்கிலத்தின் ஒலியொத்த சொற்களில் பெரும்பகுதியை இந்தக் கண்ணோடு பார்த்தால், பட்டியலை உருப்போடும் சுமை குறையும். ஏனெனில் ஒலிகள் ஒன்றிப்போன இடங்கள் சிலவே, அவை ஒவ்வொன்றும் பல இணைகளைத் தந்திருக்கின்றன.

அவற்றுள் மிகுதியான இணைகளைத் தருவது 'ஈ, ஈ' என்றும் 'ஈ, ஏ' என்றும் எழுதப்படும் இரண்டு உயிரொலிகள் கலந்த இடம். பார்ப்பதைக் குறிக்கும் 'சீ'யில் ஈ இரண்டு முறை வரும். கடலைக் குறிக்கும் 'சீ'யில் ஈயை அடுத்து ஏ வரும். சந்திப்பு 'ஈ, ஈ', இறைச்சி 'ஈ, ஏ'. வாரம் 'ஈ, ஈ', பலவீனம் 'ஈ, ஏ'. எஃகு 'ஈ, ஈ', திருட்டு 'ஈ, ஏ'. குதிகால் 'ஈ, ஈ', புண் ஆறுவது 'ஈ, ஏ'. நாணல் 'ஈ, ஈ', படிப்பது 'ஈ, ஏ'. இந்த வேறுபாடு யாரோ விளையாட்டாகச் செய்தது அன்று. இந்த எழுத்துக்கூட்டல் பரவிய காலத்திற்கு முன்பிருந்தே இரண்டு வகைகளும் வெவ்வேறாக ஒலித்து வந்தன. முதல் வகை ஒரு காலத்தில் தமிழ் ஏகாரத்தை ஒத்திருந்து, 1500ஆம் ஆண்டையொட்டி ஈகாரமாக ஏறியது. இரண்டாம் வகை வாயை இன்னும் அகலத் திறந்து சொல்லும் ஒரு ஏகாரமாக இருந்து, மெதுவாகப் பின்தொடர்ந்து, 17, 18ஆம் நூற்றாண்டுகளில்தான் ஈகாரத்தை அடைந்தது. அதுவரை கடலும் காண்பதும் ஒலியாலேயே வேறுபட்டு நின்றன.

இதற்குச் சான்று செய்யுளில் கிடைக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர், தேநீரைக் குறிக்கும் சொல்லை, கீழ்ப்படிதல் என்று பொருள்படும் 'ஒபே' என்ற சொல்லோடு இயைபுத் தொடையாக அமைத்திருக்கிறார். இன்று 'டீ' என்று ஒலிக்கும் சொல்லை அன்று 'டே' என்றும் ஒலித்தனர் என்பதால்தான் அந்த இயைபு பொருந்தியது. அச்சொல்லின் எழுத்துக்கூட்டலில் இன்றும் 'ஈ, ஏ' இருப்பதைக் கவனிக்கலாம்.

'ஈ, ஏ' வகையில் மூன்று சொற்கள் மட்டும் மற்றவற்றோடு ஈகாரத்திற்கு ஏறாமல் ஏகாரத்திலேயே தங்கிவிட்டன: பெருமையைக் குறிக்கும் 'கிரேட்', உடைத்தலைக் குறிக்கும் 'பிரேக்', இறைச்சித் துண்டான 'ஸ்டேக்'. தங்கிய இடத்தில் அவற்றுக்கு வேறு அண்டை வீட்டார் வாய்த்தனர். துருவுவதைக் குறிக்கும் 'கிரேட்', வண்டியை நிறுத்தும் 'பிரேக்', முளைக்கம்பைக் குறிக்கும் 'ஸ்டேக்' ஆகிய மூன்றிலும் ஏ, ஒரு மெய், இறுதியில் ஈ என்ற வரிசை உண்டு. வண்டியின் பிரேக்கும் உடைக்கும் பிரேக்கும் இப்படித்தான் ஒலியொத்தவை ஆயின. லாரிகளின் பின்புறத்தில் காற்றுத் தடையைப் பற்றி எழுதும்போது உடைக்கும் பிரேக்கை எழுதிவிடுவதை நம் நெடுஞ்சாலைகளில் அடிக்கடி பார்க்கலாம். அதைப் படித்துவிட்டுப் பின்னால் செல்பவர் சற்று இடைவெளி விட்டால் அதுவும் நல்லதே.

இரண்டாவது இடம், 'ஏ, ஐ' என்று அடுத்தடுத்து எழுதப்படும் சொற்களும், 'ஏ' வந்து, ஓரிரு மெய் வந்து, ஒலிக்காத 'ஈ'யில் முடியும் சொற்களும் கலந்த இடம். வால் 'ஏ, ஐ'. கதை ஈயில் முடியும். அஞ்சல் 'ஏ, ஐ'. ஆண் ஈயில் முடியும். கப்பலின் பாய் 'ஏ, ஐ'. விற்பனை ஈயில் முடியும். வலி 'ஏ, ஐ'. சன்னல் கண்ணாடி ஈயில் முடியும். பணிப்பெண் 'ஏ, ஐ'; 'செய்தான்' ஈயில் முடியும். இடுப்பு 'ஏ, ஐ'. வீணடித்தல் ஈயில் முடியும். 14ஆம் நூற்றாண்டில் இந்த இணைகளில் பல ஒன்றையொன்று ஒத்திருக்கவே இல்லை. வாலைத் தோராயமாக 'டைல்' என்றும், கதையை 'டாலெ' என்றும் அன்றைய ஆங்கிலேயர் சொல்லியிருப்பர். ஈயில் முடியும் சொற்களில் அந்த ஈ அன்று எகரமாக ஒலித்தது; அதற்கு முந்தைய ஏ, ஆகாரமாக இருந்தது. இன்று 'நேம்' என்று ஒலிக்கும் சொல் அன்று 'நாமெ'. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த 'நாமம்' என்ற சொல்லுக்கு அது தூரத்து உறவு என்பது அந்தப் பழைய ஒலிப்பைக் கேட்டால் உடனே விளங்கும்.

மூன்றாவது வகையில், ஒலிகள் கலந்தது மட்டுமல்லாமல் ஒலியே உதிர்ந்துபோயிற்று. இரவைக் குறிக்கும் 'நைட்', போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' ஆகிய இணையை அறியாதவர் குறைவு. வீரனின் முன்னால் நிற்கும் கே ஒரு காலத்தில் நன்றாகவே ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் அது நின்றது. நடுவில் வரும் 'ஜி, எச்' என்பதும் வெற்று அலங்காரம் அன்று. நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே உரசிப் பிறந்த ஒரு ஹகரம் அது. பழைய ஆங்கிலத்தில் 'க்னிஹ்ட்' என்பது போல ஒலித்த அச்சொல்லுக்கு முதலில் சிறுவன், பணியாள் என்றே பொருள். ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான 'க்னெக்ட்' இன்றும் ககரத்தோடு ஒலித்து, பணியாளையே குறிக்கிறது. அறிதலுக்கும் 'இல்லை'க்கும், முடிச்சுக்கும் 'அல்ல' என்பதற்கும், 'அறிந்தான்' என்பதற்கும் புதியதற்கும் இடையே உள்ள வேறுபாடு இந்தக் கேயில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு இணையிலும் முதலில் சொன்னதற்குக் கே உண்டு.

ஆருக்கு முன் நிற்கும் டபிள்யூவும் இப்படியே உதிர்ந்தது. எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்', பொதியும் 'ராப்', துணியைப் பிழியும் 'ரிங்' ஆகியவை டபிள்யூவோடு தொடங்கும். சரியானதைக் குறிக்கும் 'ரைட்', விரலில் அணியும் 'ரிங்' ஆகியவற்றுக்கு அது இல்லை. 'ரைட்' என்ற ஒலிக்கு மட்டும் நான்கு சொற்கள் உண்டு: எழுது, சரி, சடங்கு, தொழில்வினைஞன். நான்காவதைத் தனியாக இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. நாடகாசிரியரைக் குறிக்கும் 'ப்ளேரைட்' என்ற சொல்லின் பிற்பாதியில் அது ஒளிந்திருக்கிறது. நாடகத்தை எழுதுபவர்தானே என்று எண்ணி எழுதுவதன் எழுத்துக்கூட்டலை அங்கே போட்டால் பிழையாகும். தச்சர் வண்டியைச் செய்வது போல நாடகத்தைச் செய்பவர் என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

எண் இரண்டைக் குறிக்கும் 'டூ'வின் நடுவில் டபிள்யூ ஏன் வருகிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். அதுவும் ஒரு காலத்தில் ஒலித்ததே. இரட்டையரைக் குறிக்கும் 'ட்வின்', பன்னிரண்டு, இருபது, இரண்டுக்கு நடுவே என்று பொருள்படும் 'பிட்வீன்' ஆகிய சொற்களில் அந்த வகர ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்த உறவினர்களை நினைவில் வைத்தால் எண்ணைக் குறிக்கும் 'டூ' தவறாது. மீதி இரண்டில், ஓ ஒன்று வந்தால் 'நோக்கி' அல்லது 'கு' என்னும் வேற்றுமைப் பொருள். ஓ இரண்டு வந்தால் 'கூட' அல்லது 'மிகையாக' என்ற பொருள். இவ்விரண்டும் முதலில் ஒரே சொல். அழுத்திச் சொல்லும் வடிவத்தை 16ஆம் நூற்றாண்டிலிருந்து இரண்டு ஓ இட்டுப் பிரித்தார்கள்.

'சைட்' என்ற ஒலியைத் தமிழர் பயன்படுத்தும் விதம் தனிச் சுவை. இளைஞர் அடிப்பதாகச் சொல்லப்படும் சைட், பார்வையைக் குறிக்கும் சொல். அதில் 'ஜி, எச்' உண்டு. மனை வாங்கியவர் சொல்லும் சைட்டும், பொறியாளர் காலையில் கிளம்பிப் போகும் சைட்டும், இணையத்தில் திறக்கும் சைட்டும் இடத்தைக் குறிக்கும் ஒரே சொல். லத்தீனிலிருந்து வந்தது, ஈயில் முடிவது. ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டுவதைக் குறிக்கும் சொல் சியில் தொடங்குகிறது. சாப்பாட்டோடு வரும் சைட் டிஷ்ஷில் உள்ளதோ இவற்றில் எதுவும் அன்று. அது பக்கம், அதன் இறுதி ஒலி மென்மையானது. முதல் மூன்றும் ஆங்கிலேயருக்கும் ஒலியொத்தவை. நான்காவது நமக்கு மட்டும் ஒலியொத்தது.

எழுத்து எப்போதும் உண்மையே சொல்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. முழுமையைக் குறிக்கும் 'ஹோல்' முன்னால் ஒரு டபிள்யூவைச் சுமந்து நிற்கிறது; துளையைக் குறிக்கும் 'ஹோல்'க்கு அது இல்லை. கேயைப் போல இதுவும் பழைய ஒலியின் தடயம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது 15ஆம் நூற்றாண்டையொட்டி வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்ட எழுத்து. அச்சொல்லின் உடன்பிறப்புகளான நலம், குணமாதல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களில் டபிள்யூ இல்லாததே அதற்குச் சான்று. தீவைக் குறிக்கும் 'ஐல்' ஒலிக்காத எஸ்ஸோடு எழுதப்படுவது, லத்தீன் மூலத்தில் எஸ் உண்டு என்று கற்றவர்கள் அதைத் திரும்பச் செருகியதால். விமானத்திலும் திரையரங்கிலும் இருக்கை வரிசைகளுக்கிடையே நடக்கும் வழியைக் குறிக்கும் 'ஐல்', சிறகு என்ற பொருள்தரும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் எஸ்ஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தீவைப் பார்த்து அதற்கும் எஸ் போட்டுவிட்டார்கள். முன்னால் ஏ இருந்தால் நடைவழி என்று வைத்துக்கொள்வது தவிர இங்கே வேறு வழியில்லை.

ஒலிகள் கலந்ததால் அல்லாமல், ஒரே சொல் இரண்டாகப் பிரிந்ததால் தோன்றிய இணைகளும் உண்டு. பூவைக் குறிக்கும் சொல்லும் மாவைக் குறிக்கும் சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்த ஒரே சொல்தான். அரைத்துச் சலித்ததில் மிக நேர்த்தியான பகுதி தானியத்தின் பூ எனப்பட்டது. நெடுங்காலம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவந்து, பிற்காலத்தில்தான் எழுத்தால் பிரித்தார்கள்.

தாள், பேனா, கோந்து விற்கும் கடையின் பலகையில் 'ஸ்டேஷனரி' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஊர்களில் பாதிக்குப் பாதி தவறாகிறது. இறுதிக்கு முன் ஈ வந்தால் எழுதுபொருள். ஏ வந்தால் அசையாமல் நிற்பது. இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் பொருள் விற்பவர் பலர் ஊர் ஊராகத் தலைச்சுமையோடு அலைந்தபோது, பல்கலைக்கழகங்களை அடுத்து நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவருக்கு நிலைகொண்டவர் என்ற பொருளில் 'ஸ்டேஷனர்' என்று பெயர் வந்தது. அப்படிப்பட்டவர்களின் லண்டன் சங்கம் 1557இல் அரசப் பட்டயமும் பெற்றது. அவர் விற்ற பொருளுக்கு அவர் பெயரிலிருந்தே பெயர் அமைந்தது. பேக்கரின் கடை பேக்கரி ஆனது போல, 'ஈ, ஆர்' என்று முடியும் தொழிலாளியின் பெயரோடு ஒய் சேர்ந்தது. கடைக்காரரின் பெயரில் ஈ இருப்பதால் கடைச்சரக்கிலும் ஈ.

'செக்' இதைவிட நீண்ட பயணம் செய்த சொல். வங்கியில் கொடுக்கும் செக், சரிபார்க்கும் செக், சோதனைச்சாவடியில் உள்ள செக், சதுரங்கத்தில் அரசனுக்கு வைக்கும் செக், கட்டம் போட்ட சட்டையின் செக் ஆகிய அனைத்தும் அரசன் என்று பொருள்படும் 'ஷா' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து, சதுரங்கத்தின் வழியாக வந்தவை. அரசனைத் தடுப்பது தடுத்தல் ஆயிற்று, பின் சரிபார்த்தல் ஆயிற்று. பலகையின் கட்டங்கள் துணியில் ஏறின. இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் கட்டம் போட்ட விரிப்பின் மேல் காசுகளை வைத்துக் கணக்குப் பார்த்ததால் சதுரங்கப் பலகையின் பெயரையே பெற்றது. அந்தக் கருவூலத்தின் பெயரைப் பார்த்து, வங்கிச் செக்கை மட்டும் 'க்யூ, யூ, ஈ' என்று முடித்து எழுதும் வழக்கம் பிரிட்டனில் உருவாயிற்று. இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் அதையே பின்பற்றுகிறோம். அமெரிக்கர் ஐந்தையும் ஒரே மாதிரிதான் எழுதுகின்றனர், அவர்கள் பணம் எங்கும் தவறிப் போனதாகத் தெரியவில்லை.

தலைமையாசிரியரைக் குறிக்கும் 'பிரின்சிபல்' ஏ, எல் என்று முடியும். கொள்கையைக் குறிக்கும் 'பிரின்சிபிள்' எல், ஈ என்று முடியும். வட்டி சேராத அசல் தொகைக்கும் ஏ, எல்தான். பாராட்டைக் குறிக்கும் 'காம்ப்ளிமென்ட்' நடுவில் ஐ பெறும். நிறைவு செய்வதைக் குறிக்கும் சொல் ஈ பெறும். நிறைவு என்று பொருள்படும் 'கம்ப்ளீட்' என்ற சொல்லிலும் அதே இடத்தில் ஈ இருப்பதால் இதை மறப்பது கடினம்.

இனி, ஆங்கிலேயரே மிகுதியாகத் தவறும் வகை: மேற்கமா இட்டுச் சுருக்கிய சொற்கள். 'அதனுடைய' என்பதும் 'அது இருக்கிறது' என்பதும் 'இட்ஸ்' என்றே ஒலிக்கும். 'உன்னுடைய', 'நீ இருக்கிறாய்' என்பனவும், 'யாருடைய', 'யார் இருக்கிறார்' என்பனவும் அப்படியே. 'அவர்களுடைய', 'அங்கே', 'அவர்கள் இருக்கிறார்கள்' ஆகிய மூன்றும் 'தேர்' என்ற ஒரே ஒலியில் அடங்கும். சுருக்கத்தை விரித்துப் படித்தால் வாக்கியம் பொருள் தருகிறதா என்று பார்ப்பதே இதற்குப் போதுமான சோதனை: விரித்தால் பொருந்துவது மேற்கமா பெறும், பொருந்தாதது பெறாது. உடைமைக்கு மேற்கமா வருவதுதானே வழக்கம், 'அதனுடைய' என்பதற்கு ஏன் இல்லை என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. அச்சொல் 1600ஆம் ஆண்டையொட்டித்தான் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பலர் அதை மேற்கமாவோடுதான் எழுதினர். இன்று பிழை எனப்படுவது அன்று வழக்கு. 'அங்கே' என்பதற்கு வேறு துணை உண்டு: இங்கே, அங்கே, எங்கே ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. கேட்பதைக் குறிக்கும் 'ஹியர்' என்ற சொல்லுக்குள்ளோ காது இருக்கிறது; அது நினைவுக்கு உதவும்.

கடைசியாக, நமக்கு மட்டும் ஒலியொத்த சொற்கள். தமிழில் இசட் ஒலி இல்லை. ஆதலால் விலையைக் குறிக்கும் 'பிரைஸ்' பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்' ஆகிறது. தளர்வைக் குறிக்கும் 'லூஸ்' இழப்பதைக் குறிக்கும் 'லூஸ்' ஆகிறது. அரிசியும் எழுவதும் ஒன்றாகின்றன. இழப்பதற்கு ஓ ஒன்று, தளர்ந்ததற்கு ஓ இரண்டு. இசட்டைத் துல்லியமாக ஒலிக்க வராதவர்கள் ஒன்றைச் செய்யலாம். ஆங்கிலத்தில் அதிரும் ஒலிக்கு முன் உள்ள உயிர் சற்று நீண்டு ஒலிக்கும். எனவே பரிசின் 'ஐ'யைச் சிறிது இழுத்தும் விலையின் 'ஐ'யை வெட்டியும் சொன்னாலே கேட்பவர் பெரும்பாலும் பிரித்துக்கொள்வார்.

இதே போக்கில் வகரம் ஒன்றே இருப்பதால் உள்ளாடையும் மேற்குத் திசையும் 'வெஸ்ட்' ஆகின்றன. திராட்சைக் கொடியும் திராட்சை மதுவும் 'வைன்' ஆகின்றன. வி என்றால் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். டபிள்யூ என்றால் தொடாமல் இரு உதடுகளும் குவிய வேண்டும். தேர்வில் தவறுவதும் ஜாமீனில் வெளிவருவதும் 'பெயில்' என்ற ஒரே சொல்லாக நம் பேச்சில் கலந்திருப்பது இன்னொரு சான்று. நீதிமன்றச் செய்தியில் பெயில் கிடைத்தால் மகிழ்ச்சி, மதிப்பெண் பட்டியலில் கிடைத்தால் வேறு.

எஸ், இசட் வேறுபாடு தெரிந்தவருக்கு மற்றொரு கதவும் திறக்கும். அறிவுரை என்ற பெயர்ச்சொல் எஸ் ஒலியில் முடியும். அதற்குச் சி எழுதுவார்கள். அறிவுரை கூறு என்ற வினைச்சொல் இசட் ஒலியில் முடியும். அதற்கு எஸ் எழுதுவார்கள். ஒலியாலேயே பிரியும் இந்த இணையை அளவுகோலாக வைத்து, ஒலியால் பிரியாத 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' ஆகிய இரண்டையும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் எழுதிவிடலாம்: பயிற்சியும் உரிமமும் சி, பயில்வதும் உரிமம் அளிப்பதும் எஸ். ஓட்டுநர் கையில் வைத்திருப்பது சியோடு எழுதும் லைசென்ஸ். அமெரிக்கரோ 'பிராக்டிஸ்' என்பதைப் பெயருக்கும் வினைக்கும் சியோடும், 'லைசென்ஸ்' என்பதை இரண்டுக்கும் எஸ்ஸோடும் எழுதுவர். கணினியில் எழுத்துப்பிழை காட்டும் வசதி இதில் எதைச் சரி என்று சொல்லும் என்பது, அதன் மொழித் தெரிவில் எந்த நாட்டு ஆங்கிலம் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இறைச்சி இருக்க வேண்டிய இடத்தில் சந்திப்பை எழுதியிருந்தால், இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், வெறும் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கும் வசதி அதன் கீழ் சிவப்புக் கோடு போடாது.